மோட்டார் வண்டி வாங்குதலும் மறைவுச் செலவுகளும்

(காஞ்சிபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்யாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குடும்பத்திற்கு ஒரு மோட்டார் வண்டி வாங்குவதைப் பற்றியது. கல்வி, ஒற்றுமை, தொழில் அபிவிருத்தி முதலிய பெரிய விஷயங்கள் பேசப்படும் இந்த மேடையில் இஃது அற்ப விஷயமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், நம்மவருட் பலருக்கு வீட்டுக்கும் கலியாணத்துக்கும் அடுத்தபடியாக வாழ்நாளில் ஒரே முறையில் செலவிடும் பெருந்தொகை இதுவேயாகும். தறிக்குழியில் கால் வைத்துச் சேர்த்த பணம் ஒரு மாலைப் பொழுதில், ஒரு கையெழுத்தில், கணக்குக் கேளாமல் போய்விடுகிறது. ஆதலின் உங்கள் பொறுமையை வேண்டி இதைச் சொல்லத் துணிந்தேன்.

முதலில் என் பிழையையே கூறிவிடுகிறேன். 2024-ஆம் வருஷம் தை மாதத்தில், எங்கள் தாயார் பஸ்ஸில் ஏறி இறங்க இயலாத நிலைக்கு வந்தமையால், யானும் என் தமையனாரும் சேர்ந்து ஒரு சிறு கார் வாங்கினோம். விற்பனை நிலையத்தின் பெயர் வேண்டா, குறை எங்களுடையதே. ஷோரூம் விலை ரூ. 7,20,000 என்று முன்னமே அறிந்து சென்றோம். ஆனால் அவர்கள் நீட்டிய காகிதத்தில் வண்டி 'ரோட்டுக்கு வரும் விலை' என்று ஒரே தொகைதான் இருந்தது. முகூர்த்தம் மறுநாள் காலை, பூமாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சொல்லியாகிவிட்டது, உறவினரும் வந்துவிட்டனர். பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்ற பெயரில் ரூ. 9,500, நாங்கள் கேளாத ஸீட் உறை, மிதியடி, மெழுகுப்பூச்சு முதலியவற்றுக்கு ரூ. 22,000, இன்ஷூரன்ஸுக்கு ரூ. 46,000 என்றிருந்தன. அதே இன்ஷூரன்ஸ் வெளியில் ரூ. 34,500-க்குக் கிடைத்திருக்கும் என்பதைப் பின்னர் விசாரித்தறிந்தேன். ஆக, ரூ. 43,000 எங்கள் கவனக் குறைவுக்கு நாங்கள் செலுத்திய அபராதம். என் தமையனார் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை சேலையின் கூலி இது?" என்று மாத்திரம் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இன்று இங்கே நிறுத்தியிருக்கிறது.

பெரியோர்களே! பாவு போடும்போது ஓர் இழை குறைந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. ஜரிகையை உரசிப் பார்த்துச் சிவப்பா வெள்ளையா என்று சொல்லிவிடுவோம். பட்டின் எடையைக் கையால் தூக்கியே மதிப்போம். அப்படிப்பட்ட நாம் மோட்டார் வண்டியின் கணக்கை ஏன் இழை இழையாகப் பிரிப்பதில்லை? அதைப் பிரிக்கும் வழியைச் சுருங்கக் கூறுவேன்.

வண்டிக்கு நாம் கொடுக்கும் பணம் மூவகைப்படும். சர்க்காருக்குச் சேர்வது ஒன்று; கம்பெனிக்குச் சேர்வது ஒன்று; இடையில் நிற்பவருக்குச் சேர்வது ஒன்று. முதல் வகையில் பேரம் இல்லை, இரண்டாவதில் சிறிதுண்டு, மூன்றாவது முழுவதும் பேரமே.

சர்க்காருக்குரியதை முதலிற் பார்ப்போம். ஷோரூம் விலையிலேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1,200 சி.சி., டீசலாயின் 1,500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடைய சிறு கார்களுக்கு அவ்வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம் ஆயிற்று. அடுத்தது நம் மாகாணத்தின் ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, ஐந்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம். பத்து லட்சம் வரை 13. இருபது லட்சம் வரை 18. அதற்கு மேல் 20. இதில் ஒரு நுட்பம் உண்டு. ரூ. 9,90,000 விலையுள்ள வண்டிக்கு வரி ரூ. 1,28,700. ரூ. 10,10,000 விலையுள்ளதற்கோ ரூ. 1,81,800. விலையில் இருபதினாயிரம் கூடினால் வரியில் ரூ. 53,100 கூடுகிறது. "கொஞ்சம் மேலே போனால் இன்னும் நல்ல மாடல்" என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்த எல்லையை மறவாதீர்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டால் ஒரு சதவீதம் வருமான வரியும் முன்கூட்டிப் பிடிக்கப்படும். அது நஷ்டமன்று, நம் பான் எண்ணில் வரவு வைக்கப்படுவதால், வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

பதிவுக் கட்டணம் காருக்கு ரூ. 600, கடனுக்கு ஈடாக வண்டியைக் குறித்து வைப்பதற்கு ரூ. 1,500. இவை மத்திய மோட்டார் வாகன விதிகளிற் கண்டவை. சில சிறு கட்டணங்கள் இவற்றோடு சேரலாம். ஆனால் 'பதிவுச் செலவு' என்று ஐந்தாயிரமும் பத்தாயிரமும் ஒரே வரியில் எழுதியிருந்தால், சர்க்கார் ரசீதைக் காட்டும்படி கேளுங்கள். சர்க்காருக்குக் கட்டிய ஒவ்வொரு காசுக்கும் ரசீது உண்டு. ரசீதில்லாத காசு சர்க்காருக்குப் போகவில்லை என்பது துணிபு.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்பது யாது? தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொணர்ந்து, துடைத்து, வைத்திருந்த செலவாம். அச்செலவு விற்பனையாளருக்குக் கம்பெனி விடும் லாபத்துள் அடங்கியதே. இந்தக் கட்டணத்துக்கு மோட்டார் வாகன விதிகளில் இடமில்லை. நம் ஊருக்கு அருகிலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. பெங்களூர் பெருஞ்சாலையில் நாம் தினம் அவற்றைக் கடந்து போகிறோம். ஒரு மணி நேர வழியில் உருவாகும் வண்டிக்கும் 'கொணர்ந்த கூலி' எழுதுகிறவர் உண்டு என்றால், அஃது எத்தகைய கூலி என்று நீங்களே ஊகிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இரண்டு பாகங்கள் உள. பிறருக்கு நேரும் தீங்குக்குரிய பாகம் சட்டப்படி கட்டாயமானது. சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருசேர எடுக்கவேண்டும். அதன் தொகை சர்க்கார் விதித்தது. எங்கே எடுத்தாலும் ஒன்றே. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குரிய பாகமோ கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். விற்பனையாளருக்குக் கிடைக்கும் கமிஷன் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எந்தக் கம்பெனியிலும் எடுத்துக்கொள்ள வாங்குபவருக்கு உரிமை உண்டு. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பெற்று இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டால் ஒரு பகற்பொழுதில் காரியம் முடியும்.

கடன் வாங்குவோர் இதைக் கவனிக்க. ஐந்து லட்ச ரூபாய்க்கு ஐந்து வருஷத்தில் 'பிளாட்' வட்டி 7 சதவீதம் என்றால், வட்டி ரூ. 1,75,000, மாதத் தவணை ரூ. 11,250. அசல் மாதந்தோறும் குறைந்துவருவதால், உண்மையில் நாம் கொடுக்கும் வட்டி ஏறக்குறைய 12½ சதவீதமாகும். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கடன் கொடுப்போர் எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டியை ஒரே தாளில் காட்டவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் ஆணை. அந்தத் தாளைப் பெறாமல் கையெழுத்திடவேண்டா.

உபரிச் சாமான்கள் எல்லாம் வேண்டாதவை என்று யான் சொல்லவில்லை. வேண்டுவதை வெளிக்கடையில் விலை கேட்டுப் பின் தீர்மானிக்கலாம். நீடித்த உத்தரவாதத்தைப் பெரும்பாலான கம்பெனிகளில், மூல உத்தரவாதம் முடிவதற்குள் பின்னரும் பெறலாம். அன்றே வேண்டும் என்ற அவசரம் இல்லை. முன்புறம் பூட்டும் இரும்புக் கம்பிகளை வாங்கவே வேண்டா. 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது. "இந்தச் சாமான்களை எடுத்தால்தான் வண்டி" என்று ஒருவர் சொன்னால், ஒன்றை விற்க மற்றொன்றைக் கட்டாயப்படுத்தும் அத்தகைய வழக்கம் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் கண்டிக்கப்பட்டது என்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். முறையிட 1915 என்ற தொலைபேசி எண் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு.

விலைக்கு மேல் விலை கேட்பது புதிதன்று. 1983-இல் மாருதி வண்டி வந்தபோது, முன்பணம் கட்டிக் காத்திருந்ததைப் பெரியோர் அறிவர். அன்று சரக்கு இல்லாமையால் ஏமாந்தோம். இன்று சரக்கு நிறைந்திருந்தும், கேள்வி கேளாமையால் ஏமாறுகிறோம்.

என் தமக்கையாரின் குமாரன் எங்களைப்போல் ஏமாறவில்லை. 2025 கார்த்திகையில் அவன் வண்டி வாங்கினான். முகூர்த்த நாளைக் குறிப்பதற்கு முன்னரே மூன்று விற்பனையாளரிடம் சென்று, ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியாக எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கேட்டான். ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரிக்கு நேரே, "எந்த விதியின்படி என்பதை இங்கே எழுதிக் கொடுங்கள்" என்றான். அவ்வரி அழிக்கப்பட்டது. இன்ஷூரன்ஸை வெளியில் எடுத்தான். முன்பணம் கட்டும்போதே, அதைத் திரும்பப் பெறும் நிபந்தனையை எழுதி வாங்கினான். விற்பனைச் சான்றாகிய 21-ஆம் படிவத்தில் வண்டி செய்யப்பட்ட மாதத்தையும் வருஷத்தையும் பார்த்தான். மிதியடிக்கும் சேறு தடுப்புக்கும் மூவாயிரம் கொடுத்தான், அவை வேண்டியவையே. அவன் யாரிடமும் சண்டையிடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அவசரப்படாமல் இருந்தான், அவ்வளவே. நல்ல நாள் நமக்கு வேண்டியதுதான். ஆனால் வண்டியை வீட்டுக்குக் கொணர நாள் பாருங்கள், பேரத்துக்கு அந்நாளைக் கெடுவாக வையாதீர்கள்.

இறுதியாக ஒன்று, இது சிலருக்குக் கசக்கலாம். விற்பனையாளரைக் குறை கூறுகிறோமே, நம் வீதியில் நடப்பது என்ன? கோயில் வாசலில் யாத்திரிகரைக் கண்டு, "நெசவாளர் வீட்டு விலை" என்று அழைத்துவரும் தரகருக்குக் கொடுக்கும் கமிஷன் யார் தலையில் விழுகிறது? அதுவும் சேலை விலையில் மறைந்த ஹேண்ட்லிங் சார்ஜ் அன்றோ? அதில் ஒரு காசேனும் நெய்தவனுக்குச் சேர்கிறதா? நம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் பட்டை அறிவிக்கும் பட்டு முத்திரையும் இருக்கிறது. பட்டு இவ்வளவு, ஜரிகை இவ்வளவு, கூலி இவ்வளவு என்று நாமும் பில்லில் எழுதிக் கொடுத்தால் என்ன? மோட்டார் வண்டிக்காரரிடம் கேட்கும் கணக்கை, நம்மிடம் வரும் வெளியூராருக்கு நாம் கொடுக்கவேண்டாமா? வாங்கும்போது கணக்குக் கேட்பதும், விற்கும்போது கணக்குக் கொடுப்பதும் ஒரே தருமத்தின் இரண்டு பக்கங்களாம்.

வண்டி வாங்க எண்ணும் நம் அங்கத்தினர், விற்பனையாளர் எழுதித் தந்த தாளைக் கையெழுத்திடுமுன் சங்கத்துக்குக் கொண்டுவருவாராக. கணக்கறிந்த இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் அதைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம் என்று அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் தமையனார் கேட்ட கேள்வியை இனி வேறொரு வீட்டில் எவரும் கேட்கும்படி நேராதிருக்குமாயின், எங்கள் ரூ. 43,000 வீண்போகவில்லை என்று கருதுவேன்.