தொண்டை நாட்டில் துஞ்சிய சோழர்கள்

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வட்டாரங்களிலிருந்து ராகு கேது பூசைக்காகக் காளத்திக்குப் போகிறவர்கள் ஏராளம். காளத்திக்குப் பக்கத்திலேயே, பொக்கசம்பாளையம் என்ற சிற்றூரில் ஒரு சோழ மன்னனின் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவரின் நினைவாக எழுப்பிய கோயில், நிற்கிறது.

பல்லவர் ஆட்சியை முடித்துத் தொண்டை நாட்டைச் சோழரின் கீழ் கொண்டுவந்தவன் முதலாம் ஆதித்தன். சுமார் 907-இல் அவன் இறந்தது இங்கேதான். தொண்டைமானாற்றூர் என்பது ஊரின் பழைய பெயர். மகன் முதலாம் பராந்தகன் தந்தை நினைவாக எழுப்பிய கோயிலுக்கு ஆதித்தேசுவரம் என்றும் கோதண்டராமேசுவரம் என்றும் பெயர்.

அதே 907-இல் சீனாவில் தாங் அரசமரபு வீழ்ந்தது. மறைந்தவர்களை நினைவில் நிறுத்த அந்த மரபினர் நாடிய வழி வேறு: மண்ணுக்கடியில் ஒரு மாளிகை. ஷியான் நகருக்கு அருகே, பேரரசி ஊ செதியானும் அவருடைய கணவரும் அடங்கிய சியென்லிங் மலையைச் சுற்றி இளவரசர், இளவரசியரின் கல்லறைகள் உள்ளன. பேரரசியின் பேத்தி யோங்தாய் 701-இல், பதினேழு வயதில் உயிரிழந்தார். பாட்டியின் ஆட்சி கவிழ்ந்த பின், 706-இல் யோங்தாயின் உடலை அரச மரியாதையோடு இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

சரிந்து இறங்கும் நீண்ட பாதை, அதன் முடிவில் அறைகள். சுவரில் பணிப்பெண்கள் வரிசையாக வருகிறார்கள். ஒருத்தி கையில் மெழுகுவத்தி, ஒருத்தி கையில் விசிறி, ஒருத்தி கையில் கிண்ணம். பக்கத்துக் கல்லறை இளவரசர் சாங்குவாயுடையது. அங்கே குதிரைமேல் போலோ ஆடுகிறார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் வந்து காத்திருக்கிறார்கள். இத்தனையும் தீட்டிய பிறகு வழியை அடைத்துவிட்டார்கள். உயிரோடிருப்பவர் கண்ணில் படுவதற்காக வரைந்தவை அல்ல அவை. 1960-களிலும் 70-களிலும் அகழ்ந்தபோதுதான் வெளிச்சம் கண்டன. சிதையாமல் காக்க, பல ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து ஷியானில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சோழர் ஓவியம் அறியாதவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஆனால் இறந்த அரசனுக்கு அவர்கள் செய்தது லிங்கம் நிறுவி, பூசைக்கு வழிசெய்து, அதைக் கல்லில் வெட்டிவைத்தது. தொண்டைமானாற்றூர்க் கல்வெட்டு ஒன்று விழா நாட்களில் ஆயிரம் பேருக்குச் சோறிட அறக்கட்டளை ஏற்படுத்துகிறது. மன்னனின் நினைவு அடைத்த அறைக்குள் இல்லை. வருகிறவர் பசியாறும் இடத்தில் இருந்தது.

தொண்டை நாட்டில் இறந்த சோழன் ஆதித்தன் மட்டும் அல்லன். திருவள்ளூருக்கு மேற்கே தக்கோலம். 949-இல் ராஷ்டிரகூடரோடு நடந்த போரில், பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டது அங்கேதான். ‘ஆனைமேல் துஞ்சின’ என்றே கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. அவன் தம்பி அரிஞ்சயன் ஆற்றூரில் இறந்தான். அந்தப் பாட்டனுக்காகப் பேரன் முதலாம் இராசராசன், வேலூர் மாவட்டம் மேல்பாடியில் பொன்னையாற்றங்கரையில் அரிஞ்சிகை ஈசுவரத்தைக் கட்டினான்.

அடுத்த முறை காளத்திக்குப் போகும் நேயர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆதித்தேசுவரத்துக்கும் போய்வர வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துப் போக வேண்டும். மேல்பாடிக் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு மேல்பாடிக்குப் போனால், அங்குள்ள சுவரெழுத்தில் இராசராசன் பெயரை விரல் வைத்தே காட்டலாம்.