தொலைவில் இருக்கும் ஃபைல்



திண்டுக்கல் - நத்தம் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. பள்ளி, கல்லூரி சேர்க்கை நேரம் வந்துவிட்டால் இப்படிப்பட்ட ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று ஆளுக்கொரு தேவை. ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிய ஃபைலை, பிரிண்டர் உள்ள கம்ப்யூட்டருக்குப் பென்டிரைவில் கொண்டுபோகும் கடைகள் இன்னும் உண்டு. ஃபைலோடு வைரஸும் சேர்ந்தே போகும்.

இந்த அலைச்சல் வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இன்னொன்றில் உட்கார்ந்தபடி திறக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கம்ப்யூட்டர் நிறுவனம் 1984லேயே வழி செய்துவிட்டது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கம்ப்யூட்டரிலும் அது தெரியும். லினக்ஸில் இன்னும் எளிது. ஃபைல் மேனேஜரில் 'பிற இடங்கள்' (புதிய பதிப்புகளில் 'நெட்வொர்க்') பகுதிக்குப் போய், ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரியை sftp:// என்று தொடங்கி எழுதி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும். அந்தக் கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.எச். என்னும் தொலை இணைப்புச் சேவை இயங்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் 2008 முதல் இந்த வேலையைச் செய்வது ஜி.வி.எஃப்.எஸ். என்னும் அமைப்பு.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. அப்போது அதன் டெஸ்க்டாப்பும் க்னோம்தான். பரணில் தூங்கும் அந்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது என்றால், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன்களை அதில் வைத்து, அதே வைஃபையில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து திறந்து பார்க்கலாம். நல்ல கருவி வீணாகக் கிடப்பதைப் பார்க்க என் மனம் வருந்துகிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் அந்த ஃபோல்டர் நம்முடையது போலவே தெரியும். இருப்பதோ வேறு கம்ப்யூட்டரில். அங்குள்ள ஃபைலை அழித்தால் பெரும்பாலும் அது நம் குப்பைத் தொட்டிக்கு வராது, அங்கேயே அழிந்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால், கடைசியாகச் சேமித்தவரின் எழுத்தே மிஞ்சலாம். சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்டோ நெட்வொர்க்கோ போனால் பாதி ஃபைல் மட்டுமே மிஞ்சலாம். ஆகவே முக்கியமான ஆவணத்தை முதலில் நம் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துத் திருத்துங்கள். சரிபார்த்த பிறகு திருப்பி அனுப்புங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பகிர்ந்த ஃபோல்டரை பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைக்காதீர்கள். அதில் கிடப்பது பிறருடைய ஆதாரும் பட்டாவும்.

நேயர்களே, 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் உங்கள் ஆவணங்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கடைக் கம்ப்யூட்டரில் விட்டுவர வேண்டியதில்லை. பிரிண்ட் வாங்கியதும் "என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று கேட்டு, கூடவே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.