யார் பக்கம் நிற்பது? குடும்ப வன்முறையும் நடுநிலை வாதமும்

  

கணவனிடம் அடிபடும் பெண்ணுக்குத் துணை நிற்க வருபவர் நடுநிலை காக்க வேண்டுமா? சமூகப்பணித் துறையில் பலரோடு எனக்குள்ள பழைய வழக்கு இது. உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். இருதரப்பையும் கேட்டுக் குடும்பத்தைச் சேர்த்துவைப்பதே சமூகப்பணி என்கிறார்கள். அவள் பக்கம் நிற்க மனமில்லாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது என்கிறேன் நான்.

கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கைப் பாருங்கள். பஞ்சாபில் பிறந்தவர், 1979இல் மணமாகி இங்கிலாந்தில் குடியேறியவர். பத்தாண்டு அடி உதை. இருமுறை நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியும் அடி நிற்கவில்லை. 1989 மே மாதத்தில் ஓர் இரவு, சூடான இஸ்திரிப் பெட்டியால் முகத்தைச் சுட்டுவிடுவேன் என்று கணவன் மிரட்டினான். அவன் தூங்கியபின் அவர் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாட்களில் அவன் இறந்தான். அந்த டிசம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை.

திடீரென, அந்தக் கணமே நிதானம் இழந்தால்தான் கொலைக்குற்றத்தைக் குறைக்கும் ஆத்திரமூட்டல் வாதம் செல்லும் என்பது 1949ஆம் ஆண்டு டஃபி வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த இலக்கணம். அந்த டஃபியும் கணவனிடம் வதைபட்ட பெண்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. பத்தாண்டாக வெந்த மனத்துக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

அப்போதுதான் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் வந்தார்கள். 1979இல் லண்டனின் சவுத்ஹாலில் தொடங்கிய சிறிய பெண்கள் அமைப்பு. பிரக்னா பட்டேல் முதலியோர் வெளிப்படையாகக் கிரண்ஜித் பக்கம் நின்றார்கள். ஊரறியப் பிரசாரம் செய்தார்கள். மேல்முறையீட்டுக்கு வழி செய்தார்கள். அவருடைய கடும் மனச்சோர்வு பற்றிய மருத்துவ வாதம் முதல் விசாரணையில் எழுப்பப்படவே இல்லை. 1992 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஆத்திரமூட்டல் வாதத்தை ஏற்கவில்லை. மருத்துவச் சான்றை ஏற்றுத் தீர்ப்பை ரத்து செய்தனர். செப்டம்பரில் அவர் விடுதலையானார். திடீர் என்ற அந்த நிபந்தனையைப் பின்னர் இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

ஒரு பக்கம் நின்றால் உண்மை திரியும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு இதுவே என் விடை. கிடப்பில் கிடந்த உண்மை வெளியே வந்தது, அவர் பக்கம் நிற்க ஆள் இருந்ததால்தான்.

இங்கே நிலை என்ன? அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் இத்தகைய நிலையங்கள் பலவற்றில் கவுன்சலிங் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்புவதுதான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி, ஆலோசனையின்போது அடித்ததற்கு நியாயம் கற்பிக்கக் கணவனுக்கு அனுமதியில்லை. சட்டமே நடுநிலை பேசவில்லை. நாம் ஏன் பேசுகிறோம்?

பக்கம் நிற்பது நடைமுறையில் இதுதான். மருத்துவச் சீட்டு, காயத்தின் புகைப்படம், நகை ரசீது, மனு ரசீது இவற்றைப் பத்திரப்படுத்த அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். வீட்டைவிட்டு வா என்று அவசரப்படுத்தாதீர்கள். வெளியேறும் வேளைதான் ஆபத்து மிகுந்தது. அந்த வீட்டிலேயே வசிக்க அவளுக்குச் சட்ட உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர்களின் வேலைச்சுமையை மாவட்டவாரியாக யாராவது ஆராய வேண்டும். அவர்கள் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை எழுத எளிய தமிழில் ஒரு கையேடு வேண்டும். சமூகப்பணிப் பாடத்திட்டக் குழு அடுத்துக் கூடும்போது நடுநிலை பற்றிய பாடத்தை நீக்கிவிட்டு, இச்சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளை அங்கே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.