மறுதரப்பின் நியாயம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெரகல சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போகும்; மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். எங்கள் தமிழ் டீச்சர் விவாதம் பழக்கும்போது வகுப்பையும் அப்படித்தான் பிரிப்பார். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானிப்பார்.

ஒருமுறை தலைப்பு: “சாதாரண தரத்துக்குப் பின் தோட்டத்துப் பெண்பிள்ளை வேலைக்குப் போவதே நல்லது.” எனக்கு விழுந்தது “ஆம்” சீட்டு. அழுகையே வந்துவிட்டது. “வீட்டில் கேட்டுவிட்டு வா” என்றார் டீச்சர். அம்மா கடைக் கடன், பஸ் காசு, தம்பிமாரின் கொப்பிச் செலவு எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். என்னைப் படிக்கவைக்க அவர் எவற்றோடு மல்லுக்கட்டினார் என்பது அன்றுதான் விளங்கியது. அந்த விவாதத்தில் வென்றேன். வென்ற வாதத்தை மீறித்தான் உயர்தரம் படித்தேன்.

டீச்சரின் விதி ஒன்றுதான்: எதிரணி சொன்னதை, “ஆமாம், அதைத்தான் சொன்னோம்” என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல், பிறகு மறுத்துப் பேசு. குண்டலகேசி, நீலகேசி என இரண்டு காப்பியங்கள் வாதிட்ட பெண்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன. வாதம் நமக்குப் புதிதல்ல என்றும் சொல்வார்.

இன்று கிளினிக்குக்கு வராத நோயாளியை நான் ஏசுவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறேன். “வந்தால் இன்றைய பேர் போய்விடும், டொக்டர்” என்பார்கள். அந்த நியாயத்தை ஏற்ற பிறகுதான் என் நியாயம் அவர்கள் காதில் ஏறுகிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயன்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போனால் வீடு எங்கே, வேலை எங்கே என்று எந்தத் தொழிலாளியும் கேட்பதும் நியாயம்தான். எச்சரிக்கையையும் அந்தக் கேள்வியையும் ஒரே மேசையில் வைத்து, பதில் வரும்வரை விடாமல் வாதாடுகிறவர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். கோப்பைக்காக மட்டும் விவாதம் பழக்கினால் அப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. எங்கிருந்தாலும், ஊருக்கு வரும்போது பாடசாலைக்கு ஒரு பாடவேளை கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்து, சீட்டைக் குலுக்குங்கள். தனக்குப் பிடிக்காத பக்கம் விழுந்து எந்தப் பிள்ளையாவது அழுதால், வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.