முதல் மூச்சுக்கு முன்

குகட்பள்ளியில் எங்கள் அண்டை வீட்டார் திருநெல்வேலிச் சீமையினர். 2005-இல் அஞ்சல் துறை தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராசபாளையம் இனத்துப் பெண் நாயொன்றை அவர்கள் வளர்க்கின்றனர். சென்ற ஆண்டு அது சினையுற்றிருந்தது. ஊர்க் கொடைவிழாவுக்கு இரயிலில் இடம் பதிவு செய்தாயிற்று, நாயோ ஈனவில்லை. இணைசேர்ந்து அறுபது நாளாயிற்றென்று கணக்கிட்டு, "வயிற்றைக் கீறிக் குட்டிகளை எடுத்துவிடுங்கள், ஐயா" என்று கால்நடை மருத்துவரை வேண்டினார் வீட்டுத் தலைவர். துணைக்கு நானும் சென்றிருந்தேன். மருத்துவர் தெலுங்கில் கேட்ட வினா ஒன்றே: "அவற்றின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா?"

இவ்வினாவின் பொருளைச் சிறிது நோக்குவோம். கருப்பையில் குட்டியின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. பிறந்தவுடன் அந்நீர் விலகிக் காற்றுப் புகவேண்டும். ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல, நுண்ணிய காற்றறைகளின் ஈரச் சுவர்களும் ஒட்டிக்கொள்ள முயலும். அதனைத் தடுப்பது கொழுப்புச் சார்ந்த மெல்லிய பூச்சு ஒன்று. சினைக்காலத்தின் இறுதி நாள்களிலேயே அது போதிய அளவு சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவதற்கு இப்பூச்சின் குறைவே காரணமென்பதை 1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினர்.

மகளிரின் பனிக்குட நீரைச் சோதித்துக் கருவின் நுரையீரல் முதிர்ச்சியை அறியும் முறையை 1971-இல் லூயிஸ் கிளக்கும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். நாயிலோ ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனிப் பனிக்குடம். ஒன்றின் நீர் மற்றொன்றிற்குச் சான்றாகாது.

நாள் கணக்கும் ஏமாற்றும். ஆண் நாயின் விந்து பல நாள் உயிரோடிருக்கும்; வெளிப்பட்ட முட்டையோ முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் கொள்ளும். ஆதலின் சேர்க்கை நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எந்நாளிலும் ஈனலாம். முட்டை வெளிப்பட்ட நாள் தெரிந்தாலன்றி, 63 என்னும் எண்ணை நம்புவதற்கில்லை.

எனவே மருத்துவர் பல சான்றுகளை ஒருங்கே நாடுகிறார். தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈற்றுநோவு தொடங்கும். அதையொட்டித் தாயின் உடல் வெப்பமும் ஏறத்தாழ ஒரு செல்சியஸ் பாகை தாழும். மீயொலிப் படத்தில் குட்டியின் தலை அகலம், குடலின் அசைவு, நுரையீரலின் தோற்றம் ஆகியன நோக்கப்படும். இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 180-க்குக் கீழே குறைந்து நின்றால் குட்டி துன்புறுகிறதென்று ஐயுறவேண்டும்; அப்போது காத்திருப்பதே தீங்காகும். இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது.

அன்று புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருந்தது. குட்டிகளின் இதயங்களும் விரைந்து துடித்தன. "கத்தி வேண்டா, காத்திருங்கள்" என்றார் மருத்துவர். வீட்டம்மையார் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துக் குறித்து வந்தார். நான்காம் நாள் வெப்பம் தாழ்ந்தது. அன்றிரவே ஆறு குட்டிகள் இயல்பாகப் பிறந்து, ஒவ்வொன்றாய்க் கத்தின. கொடைவிழா அவர்கள் இன்றியே நடந்து முடிந்தது.

விழா மறு ஆண்டும் வரும், நேயர்களே. முதிராத நுரையீரலுக்கோ மறு வாய்ப்பு அரிது. நம் வசதிக்காக ஒரு பிறப்பின் நாளைக் குறிக்குமுன், பிறக்கவிருக்கும் உயிர் ஆயத்தமா என்று கேட்டறிவது நம் கடமையாகும்.