டியூ வேற, ஓவர்டியூ வேற

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். அங்கே ஒரு அக்கா, பேங்க்குல இருந்து வந்த தபாலை அரிசிப் பானைக்குள்ளே ஒளிச்சு வெச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டிப் படிச்சு, “டியூன்னு போட்டிருக்கு அத்தை”ன்னு சொல்லியிருக்கான். ஜப்திக்கு ஆள் வரப்போகுதுன்னு பயந்து, பத்து வட்டிக்கு 3,000 ரூபாய் வாங்கிக் கட்டிட்டாங்க. நான் தபாலைப் படிச்சேன். அடுத்து வர்ற தவணைக்கான நினைவூட்டல்தான் அது. அவங்க கட்டின அன்னிக்கு இன்னும் பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது!

டியூ என்றால் குற்றம் இல்லை. வர வேண்டியது, தர வேண்டியது, அவ்வளவுதான். வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஆஸ்பத்திரியில ‘டியூ டேட்’ சொல்றாங்களே, பயந்தா போறோம்? குழந்தை வர வேண்டிய நாள். அதே வார்த்தைதான் இது. இங்கிலீஷ்காரங்க பஸ் வர்ற நேரத்துக்கும் டியூன்னுதான் சொல்லுவாங்க.

அந்த நாள் தாண்டினால்தான் ‘ஓவர்டியூ’. இதுக்குக் கொஞ்சம் பயப்படலாம். 90 நாளுக்கு மேல் தாண்டினால் பேங்க் அதை வராக்கடன் கணக்கில் சேர்த்துவிடும். அபராதம் போடுவார்கள். ஆனால் அந்த அபராதத்துக்கும் சேர்த்து வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது. கேட்க வேண்டியது நம்ம உரிமை.

‘அரியர்ஸ்’ என்றும் எழுதியிருப்பார்கள். காலேஜ் போற பசங்க “ரெண்டு அரியர் இருக்கு”ன்னு சொல்லுதே, அதேதான். பின்தங்கி நிற்கும் பாக்கி. சர்க்கார் வேலைக்காரங்களுக்கு அரியர்ஸ் வந்தா மட்டும் வீட்டுல பாயசம்! அவங்களுக்கு அது வர வேண்டிய பாக்கி, நமக்குத் தர வேண்டிய பாக்கி.

பேதுருவிடம் பிடுங்கிப் பவுலுக்குக் கொடுக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கறதைச் சொல்றது. அந்த அக்கா செஞ்சது அதுதான். பேங்க் தவணை தீர்ந்தது. 3,000-க்கு மாசம் 300 வட்டி இன்னும் போயிட்டிருக்கு. அவங்க குழுச் சேமிப்புல அப்போ பணம் இருந்தது. கேட்கக் கூச்சம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில இருக்கிற பேங்க் தபால், பாஸ் புத்தகம் எல்லாம் எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து படிச்சுடலாம். பானைக்குள்ளே இருக்கிறதையும் சேர்த்து.