எதிராளியும் பின்வரிசையும் வாசித்த வேதம்

நடராசர் கோயில் கொண்ட சிதம்பரத்தில் கிறிஸ்தவ வேத விளக்கத்தின் வரலாற்றைப் பேச ஒரு மாநாடு கூடுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தோன்ற வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ வேதாகமத்தை மிக நுணுக்கமாக வாசித்த தமிழர்களில் ஒருவர் 1864இல் இந்த ஊரில்தான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். பெயர் ஆறுமுக நாவலர்.

1822இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்தார், அங்கேயே ஆசிரியரானார், பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பு வேலையில் ஆண்டுக்கணக்கில் கூடவே உட்கார்ந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறுமுன்பே, 1848இல், வண்ணார்பண்ணையில் தம் சைவப் பள்ளியைத் திறந்துவிட்டார். ஒரு நூலை வரிவரியாக இன்னொரு மொழிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் அதற்கு எதிரே நின்று எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை மிஷனரிகள் ஆறு ஆண்டுகளில் கண்டுகொண்டார்கள்.

1854இல் வந்த ‘சைவ தூஷண பரிகாரம்’ வசைக்கு வசை பேசும் நூல் அல்ல. யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் விரித்து வைத்துக்கொண்டு எழுதிய மறுப்பு. கோயில் கூடாது என்கிறார்கள். அப்படியானால் மோசேக்கு ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுவரை சொல்லிக்கொடுத்தது யார்? விளக்கு, தூபம், படையல், குருக்களுக்குத் தனி உடை, தீட்டு, நீராட்டு, திருநாள் எல்லாம் அங்கே கட்டளையாகவே இருக்கின்றனவே. உடன்படிக்கைப் பெட்டியின் முன் இஸ்ரவேலர் விழுந்து பணிந்தால் பக்தி, சிவலிங்கத்தின் முன் சைவர் பணிந்தால் மட்டும் கல்வணக்கமா? அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்.

இதற்கு மிஷனரிகளிடம் பதில் இருந்தது. பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் வரப்போகும் கிறிஸ்துவுக்கு நிழல். பொருள் வந்தபின் நிழலுக்கு வேலை இல்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்வதே அதுதான் என்றார்கள். பழைய பதில், முறையான பதிலும்கூட. ஆனால் அதைச் சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது: சடங்கு என்பது தன்னளவிலேயே பேய்க்கூத்து அல்ல, கடவுளே அதைக் கட்டளையிட்ட காலமும் ஒன்று உண்டு. தெருமுனைப் பிரசங்கத்தில் இந்த ஒப்புதலுக்கு இடமே இருந்ததில்லை.

கல்விப்புலத்தில் அந்த ஒப்புதல் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட இஸ்ரவேல் வரலாற்று நூலில், குருமாரின் சடங்குச் சட்டம் பிற்காலத்தது என்றார். உயிரோட்டமான ஒரு சமயம் இறுகிப்போனதன் அடையாளமாகவே அதைப் பார்த்தார். புராட்டஸ்டண்ட் மனத்துக்கு அது இனித்தது. 1966இல் மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர், அதுவும் கத்தோலிக்கர், லேவியராகமத்துத் தீட்டு விதிகள் மூடப்பழக்கம் அல்ல, உலகை ஒழுங்குபடுத்திப் பார்க்கும் ஒரு சிந்தனை முறை என்று வாதாடினார். 1991 முதல் யூத அறிஞர் ஜேக்கப் மில்கிரோமின் லேவியராகம உரை மூன்று பெரும் தொகுதிகளாக வந்தது. இன்று இறையியல் கல்லூரியில் லேவியராகமம் கற்பிப்பவர் இவர்களைத் தாண்டிப் போக முடியாது. இவர்கள் நாவலரைப் படித்துவிட்டு எழுதினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி முதலில் எங்கே எழுந்தது என்பதைத்தான் இந்த அவை கவனிக்க வேண்டும்.

விளக்கம் ஏன் மாறுகிறது என்று கேட்டால் பாடநூல்கள் ஏடுகளைக் காட்டும். சீனாய் மலை மடத்துக் கையெழுத்துப் பிரதி, 1947இல் தொடங்கிய சாக்கடல் சுருள்களின் கண்டெடுப்பு, கிரேக்க எபிரெய இலக்கண ஆய்வு என்று அந்தப் பட்டியல் நீளும். அது பொய்யில்லை. ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கிடக்கும் இந்த நிலத்தின் கதை வேறொன்றைச் சொல்கிறது. இங்கே விளக்கத்தை நகர்த்தியவர்கள் பெரும்பாலும் விளக்கும் உரிமை இல்லாதவர்கள். ஒருவர் எதிராளி, மற்றவர் கோவிலில் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டவர்.

மாற்றம் என்பதே ஒரு புதுமை என்று நினைப்பவர்களுக்காக இரண்டு பழைய செய்திகள். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரக்காரர் பவுல் என்று அகுஸ்தீனார் விரித்தார். அந்த உருவக வாசிப்பு நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. 1888இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர், உவமை ஒரு கருத்தைச் சொல்ல வந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைத் தேடாதீர்கள் என்றார். வட்டிக்கடைக்காரர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கூடாது என்று 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. இன்று திருச்சபைகளே வங்கியில் வைப்புநிதி போடுகின்றன. வசனம் அப்படியேதான் இருக்கிறது.

இனி கடலூர். ஜெர்மானிய லுத்தரன்கள் 1737இல் இங்கே மிஷனைத் தொடங்கினார்கள். 1740இல் சுவீடனைச் சேர்ந்த கீர்நாந்தர் வந்தார். 1758இல் பிரெஞ்சுப்படை ஊரைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். படையெடுப்புகளுக்கு நடுவே நடந்த இந்த மிஷனைப் பற்றி எழுதக் கடிதங்கள் ஏராளம். ஹாலே நகரின் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இந்த மாநாட்டின் பொருளுக்கு அதைவிட முக்கியமான சம்பவம் அந்த ஆண்டுகளில் பக்கத்துப் புதுச்சேரியில் நடந்தது. மாதாகோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் காரைக்காலில் அப்படிப்பட்ட சுவர் இடிக்கப்பட்ட செய்தி எட்டியதும், புதுச்சேரிப் பறையர் கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் போய், தாங்களும் சீடர்கள்தான் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா என்று கேட்டார்கள். இதைப் பதிவு செய்திருப்பவர் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளை; அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. கேட்டவர்களின் பெயர்கள் இறையியல் வரலாற்றில் இல்லை. ஆனால் அது முழுமையான ஒரு வேத விளக்கம். சீடத்துவம் பற்றிய உபதேசத்தை எடுத்து, அதைச் சுவரின்மேல் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்.

லுத்தரன்கள் இந்த விஷயத்தில் இன்னும் நீண்டகாலம் இழுத்தடித்தார்கள். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகத் தனி இருக்கைகள் இருந்தன. சாதி உலக ஒழுங்கு, ஆத்துமத்தைத் தொடாதது என்பது அதற்குச் சொன்ன நியாயம். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதியை அறவே விடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர்ச் சபைகள் கொந்தளித்தன. லீப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் பழைய கட்சியில் நின்றார். அவரை எளிதாக வில்லனாக்கிவிட முடியாது. 1849 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் சுற்றியவர், திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர், தமிழை உண்மையாகவே நேசித்தவர். சட்டம் போட்டுச் சாதியை ஒழிக்க முடியாது, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல மாற்றட்டும் என்றார்.

அவருடைய மிஷனிலேயே இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. பிரிந்து வந்து, 1860களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானி’ என்று ஒரு நிலையத்தை அமைத்தார். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கிரவுலும் ஓக்ஸும் ஒரே மிஷன், ஒரே விசுவாச அறிக்கை, ஒரே வேதாகமம். அந்தக் காலத்துச் சாதி வழக்கில் பொறுமை கேட்டவர்கள் பலவீனமான சகோதரனைத் தாங்கச் சொல்லும் ரோமர் 14ஐ எடுத்தார்கள். உடனே விடு என்றவர்கள், அந்தியோகியாவில் பந்தியிலிருந்து எழுந்துபோன பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்த கலாத்தியர் 2ஐக் காட்டினார்கள். எந்த அதிகாரத்தைத் திறப்பது என்பதைப் பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முடிவு செய்தது.

பெத்தானியில் தொடங்கிய சபையில் சாதி ஒழிந்துவிட்டது என்று எழுதினால் தென்னாற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கத்தோலிக்கர் பக்கமும் அப்படித்தான். புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டி எழுந்த மோதல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். 1745இல் கேட்ட கேள்விக்கு இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர் பதில் தேடிக்கொண்டிருந்தது.

இடையில் அந்தக் கேள்வி கல்லூரிக்குள் போயிருந்தது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகக் கொள்வார்கள். பின்னர் சென்னை குருகுல இறையியல் கல்லூரியில் அதற்கென்றே ஒரு துறை ஏற்பட்டது. உபாகமம் 26இல், முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிற இஸ்ரவேலன் தன் மூதாதை நாடோடி, தன் இனம் எகிப்தில் ஒடுக்கப்பட்டது என்று அறிக்கையிடும் பகுதியை நிர்மல் எடுத்தார். அந்த நாடோடியின் இடத்தில் தலித் மூதாதையை வைத்து வாசித்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் ‘பரட்டை’, இன்னும் ஒருபடி போனார். விளக்கத்தை வசனத்திலிருந்து நாட்டுப்பாட்டுக்கு மாற்றினார். சேரிச் சமையலும் பறையும் கும்மி மெட்டும் இறையியலுக்குள் வந்தன. வாசிக்கத் தெரியாதவர் வேதத்தை விளக்க முடியுமா என்பதற்கு அப்பாவு தந்த பதில், பல தடித்த உரைநூல்களைவிடக் கனமானது.

பரங்கிப்பேட்டையை விட்டுவிட்டு இந்த உரையை முடிக்க முடியாது. டென்மார்க்கிலிருந்து மிஷனரியாக வந்த ஆன் மேரி பீட்டர்சன் 1921இல் அங்கே ‘சேவாமந்திர்’ என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். காந்தி அடிக்கல் நாட்டினார். பீட்டர்சனின் தோழி எஸ்தர் ஃபேரிங் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷனில் பணியாற்றியவர். காந்தியோடு கொண்ட தொடர்பு மிஷனுக்குப் பிடிக்காமல் போகவே அதை விட்டு விலகினார். ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 அரசாங்கத்துக்கு மிகவும் வசதியாக இருந்த காலம் அது. அந்நிய மிஷனரிகள் அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி கொடுத்துத்தான் இங்கே வேலை செய்ய முடிந்தது. இந்த இரண்டு பெண்களும் ரோமர் 13க்கு உரை எழுதவில்லை. கதர் உடுத்தினார்கள், தேசியப் பள்ளி நடத்தினார்கள், மலைப்பிரசங்கத்தை ஓர் இந்து எப்படி வாழ்ந்து காட்டுகிறார் என்று கவனித்தார்கள். 1985இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் ‘கைரோஸ்’ ஆவணத்தில் நிறவெறி அரசு ரோமர் 13ஐத் தனக்கு வக்காலத்தாகப் பயன்படுத்துவதை வரிவரியாக மறுத்தார்கள். அந்த ஆவணம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சேவாமந்திர் உள்ளூர் வரலாற்றுக் குறிப்பாக நின்றுவிட்டது. இந்த வித்தியாசம் நியாயமாகப் படவில்லை.

ஆகவே இந்த இரண்டு நாட்களில் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு வசனத்தின் விளக்கம் இன்ன நூற்றாண்டில் மாறியது என்று எழுதுவதோடு நிற்க வேண்டாம். மாறியபோது அதை எதிர்த்துக் கேட்டவர் யார், அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் தேடி எழுதுங்கள். ஹாலேயிலும் கோப்பன்ஹேகனிலும் மிஷனரிகளின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் உபதேசியார் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளைத்தான் இன்னும் யாரும் முறையாகத் திறந்து பார்க்கவில்லை. பிரசங்கக் குறிப்பேடுகள் கிடைத்தால் கரையான் அரிக்குமுன் படமெடுத்து வையுங்கள். முதல் அமர்வு இங்கே லேவியராகமத்தோடும் நாவலரோடும் தொடங்குகிறது. கடலூர் அமர்வுக்கு நாளைக் காலை போகும் வழியில் பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்கும்.